மொட்டைக் கோபுரம்

ஓசூர்
4.6.2025

அன்புள்ள மங்கை அக்காவுக்கு,

உன் தங்கை துர்கா எழுதுவது. பெட்டியைத் திறந்ததும் சேலைக்கு மேலே கடிதத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே, நல்ல சேதிதான். நீயும் மாமாவும் சுகமா? தறியில் குனிந்து குனிந்து மாமாவுக்கு வந்த கழுத்துவலி எப்படி இருக்கிறது? இங்கே நான், அவர், சுகாசினி மூவரும் சுகம். சுகாசினி இந்த வாரம் ஐந்தாம் வகுப்புக்குப் போக ஆரம்பித்துவிட்டாள்.

சித்திரையில் நான் காஞ்சிபுரம் வந்தபோது நம் தெருமுனையில் ஒரு பெண் கல்யாணச் சேலைகளுக்கு முன்கூட்டியே கொசுவம் வைத்து, இஸ்திரி போட்டு, பெட்டியில் அடுக்கிக் கொடுப்பதைப் பார்த்தோமே. "இதுக்கு முந்நூறு ரூபாயா? நான் கண்ண மூடிக்கினு பண்ணுவேன்" என்று சொன்னாய். இப்போது கண்ணைத் திறந்துகொண்டே செய். ஐந்து பட்டுச் சேலை அனுப்பியிருக்கிறேன்.

பள்ளிக்கூட வாசலில் பிள்ளையை விட வரும் பெண்களிடம் பேச்சுக்கொடுத்துப் பிடித்த ஆர்டர். எல்லாரும் சுடிதாரிலேயே காலம் தள்ளுகிறவர்கள். பட்டுச் சேலை என்றால் ஒரு மணி நேரம் கண்ணாடி முன்னால் நின்று அழுகிறார்கள். காஞ்சிபுரத்தில் நெசவுக்காரர் வீட்டில் மடித்து வரும் என்று சொன்னதும் முந்நூற்றைம்பதுக்கு ஒத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு சேலையிலும் உயரம், இடுப்பு அளவு எழுதிக் குத்தியிருக்கிறேன். ஆளுக்குப் பாதி. எனக்கும் கைச்செலவுக்கு ஆகும்.

ஒரு விஷயம். என் போன் கீழே விழுந்து திரை போய்விட்டது, ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன். அவர் நம்பருக்கு அடிக்காதே, ஷிஃப்டில் போனைத் தொடக்கூடாது என்று கம்பெனியில் ஒரே கெடுபிடி. இந்த வேலையும் அவருக்கு இப்போது தெரிய வேண்டாம், கொஞ்சம் சேர்ந்ததும் சொல்லிக்கொள்கிறேன். பதிலைச் சேலையோடு பெட்டியிலேயே வைத்துவிடு. பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை விலாசம் ஒட்டியிருக்கிறேன், நான் வாங்கிக்கொள்வேன்.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை,
துர்கா


காஞ்சிபுரம்
10.6.2025

அவசரக்குடுக்கைத் தங்கைக்கு அக்கா எழுதிக்கொள்வது,

இங்கே இருவரும் இருக்கிறோம். உன் மாமாவுக்குக் கழுத்து தேவலை. கழுத்துக்கு மேலே இருப்பதுதான் எப்போதும்போல. சுகாசினிக்கு என் முத்தம்.

ஐந்து சேலையும் முடிந்தது. கண்ணை மூடிக்கொண்டு செய்வேன் என்று சொன்ன வாயை நானே கிள்ளிக்கொண்டேன். முதல் சேலையை என் உயரத்துக்கே கொசுவம் வைத்துவிட்டேன். முடித்த பிறகு சீட்டைப் பார்த்தால் அந்த அம்மா நாலடி பதினொன்று. அப்படியே அனுப்பியிருந்தால் மண்டபத்தில் கால் தடுக்கி மாப்பிள்ளை மடியில் விழுந்திருப்பாள். பிரித்து, மறுபடி வைத்தேன். ஜரிகைமேல் இஸ்திரி நேராகப் படக்கூடாது என்று உன் மாமாவின் பழைய வேட்டியைக் கிழித்து மேலே போட்டுக்கொண்டேன். அதற்கு ஒரு பாட்டு வாங்கினேன்.

"நான் பதினஞ்சு நாள் குந்திக்கினு நெய்யறேன். நீ அத்த பத்து நிமிஷத்துல மடிச்சிட்டு காசு வாங்கற. நல்லா இருக்குதுமா உங்க கணக்கு" என்றார். "நெய்யறவங்க ஊர்ல ஆயிரம் பேரு. மடிக்கறவ நான் ஒருத்திதான்" என்றேன். அப்புறம் நான் கிளிப் குத்தியிருந்த ஒரு முந்தானையைத் தூக்கிப் பார்த்து, விரலால் தடவி, "இது நம்ப பக்கத்து சரக்கு இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு எந்தச் சேலையைப் பார்த்தாலும் அதே புத்தி.

எனக்கு உட்கார முடியவில்லை துர்கா. முந்தானைக்குக் குஞ்சம் கட்டுவது போதவில்லை, இதையும் பிடித்துக்கொண்டேன். அடுத்து கோயில் இட்லி ஆர்டர் எடுக்கலாமா என்று பார்க்கிறேன். மிளகும் சுக்கும் போட்டு மந்தார இலையில் வேகவைத்தால் ஓசூர் வரை இரண்டு நாள் தாங்கும்.

ஒன்று கேட்கிறேன். கொசுவம் வைப்பது உனக்குத் தெரியாததா? எனக்கே நீதான் கட்டிவிடுவாய். ஓசூரிலிருந்து காஞ்சிபுரத்துக்கு அனுப்பி, இங்கிருந்து திரும்ப வரவழைத்தால் பாதிக் காசைக் கூரியர்காரன் தின்கிறான். நீயே அங்கே மடிக்கலாமே?

போன் வந்ததும் கூப்பிடு.

ஆசியுடன்,
மங்கையர்க்கரசி


ஓசூர்
21.6.2025

அன்பு அக்கா,

எல்லாரும் நலம்தானே? இங்கே சுகாசினிக்குச் சளி, இப்போது பரவாயில்லை.

சேலைகளைப் பார்த்து வாசலில் நின்ற பெண்கள் வாயைப் பிளந்துவிட்டார்கள். கொக்கி மாட்டுகிற மாதிரி மாட்டிக்கொண்டு ஐந்து நிமிடத்தில் கிளம்பினாளாம் ஒருத்தி. இந்த முறை எட்டு அனுப்புகிறேன். இரண்டுக்குக் குஞ்சமும் கட்ட வேண்டும். மூன்று நாளில் முடியுமா? சீக்கிரம் முடித்தால் சீக்கிரம் அடுத்ததைப் பிடிக்கலாம்.

நானே மடிக்கலாம்தான். வீட்டில் இடமில்லை அக்கா. ஒரே அறை, கட்டில் போட்டால் நடக்க வழியில்லை. பகலில் மடிப்பதற்குத் தோதுப்படாது. அதை விடு.

வேறு என்ன செய்யலாம் என்று உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது. நான் இட்லிப்பொடி அரைத்து வாசலில் விற்கிறேன். சாயங்காலம் பக்கத்துக் குடியிருப்பில் இரண்டு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறேன். ஃபால் தைத்துத் தருகிறேன் என்றும் சொல்லிவைத்திருக்கிறேன். வீட்டிலிருந்தே டைப் அடித்தால் தினம் ஆயிரம் என்று ஒரு விளம்பரம் பார்த்தேன், முதலில் நாம் பணம் கட்ட வேண்டும் என்றார்கள். ஓடி வந்துவிட்டேன். உடனே கைக்கு வருகிற மாதிரி வேலையாக இருந்தால் நல்லது. மாதக் கடைசியில் வருவதெல்லாம் சரிப்படாது.

போன் இன்னும் வரவில்லை.

மாமாவுக்கும் உனக்கும் அன்புடன்,
துர்கா


காஞ்சிபுரம்
29.6.2025

துர்காவுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள் என்று முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து திட்டப்போகிறேன்.

கைச்செலவுக்கு என்றாய். கைச்செலவுக்கு எவளாவது இட்லிப்பொடி விற்று, டியூஷன் எடுத்து, ஃபால் தைத்து, பள்ளிக்கூட வாசலில் சேலை பிடிப்பாளா? அப்படி என்ன கை உனக்கு? அந்தப் போனை ஒரு மாதமாக என்ன ரிப்பேர் செய்கிறார்கள், ராக்கெட்டா விடுகிறார்கள்?

வேண்டாம் என்றாய், இருந்தும் செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு மாப்பிள்ளை நம்பருக்கு அடித்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"ஷிஃப்டுல இருக்கீங்களா மாப்பிள்ள?"

"ஆமாங்க அக்கா, ஷிஃப்டுலதான்."

சொல்லி வாய் மூடவில்லை, பின்னால் குக்கர் மூன்று விசில் அடித்தது. லாரிக்குப் பாகம் செய்கிற கம்பெனி என்றுதான் கல்யாணத்தின்போது சொன்னீர்கள். குக்கரும் செய்கிறார்களா? நான் ஒன்றும் கேட்கவில்லை. "நல்லா இருங்க" என்று வைத்துவிட்டேன்.

துர்கா, விளையாட்டு போதும். ஏதாவது இருந்தால் சொல். உன் மாமா காதுக்குக்கூடக் கொண்டுபோகமாட்டேன். எட்டுச் சேலையும் இரண்டு குஞ்சமும் இதோடு வருகிறது. பச்சைச் சேலைக்காரி இடுப்பளவைக் குறைத்து எழுதியிருக்கிறாள், நான் பின்னைத் தள்ளிக் குத்தியிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாமல் கட்டிக்கொள்ளச் சொல்.

உன் பதிலுக்குத்தான் காத்திருக்கிறேன், சேலைக்கு அல்ல.

மங்கை


ஓசூர்
19.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகப்போகிறது. பதில் எழுதாததற்கு மன்னித்துவிடு, வேலை. நீயும் மாமாவும் நலம் என்று நம்புகிறேன். ஆடி வெள்ளிக்குக் காமாட்சி கோயிலில் கூட்டம் தாங்காது, பார்த்துப் போய் வா.

நீ கூப்பிட்ட அன்று அவருக்கு வார விடுமுறை. தூக்கக் கலக்கத்தில் ஷிஃப்ட் என்று உளறிவிட்டாராம். அவ்வளவுதான். நீ கண்டதையும் நினைக்காதே.

ஆடி பிறந்துவிட்டது, முகூர்த்தமே இல்லை. ஒரு ஆர்டர்கூட இல்லை. இந்தப் பெட்டியில் ஒரே ஒரு சேலைதான் வருகிறது, அதுவும் மடிக்க அல்ல. வைதேஹி என்று ஒருத்தி, சுகாசினி வகுப்புப் பிள்ளையின் அம்மா. அவளுக்குக் கொஞ்சம் அவசரம். பழைய பட்டு வாங்கி ஜரிகையை எரித்து வெள்ளி எடுக்கிறவர்கள் காஞ்சிபுரத்தில் நிறைய இருக்கிறார்களே, அங்கே விற்றுக் கொடுக்க முடியுமா என்று கேட்கிறாள். அரக்குச் சேலை, மயில்கழுத்துக் கரை. நல்ல எடை இருக்கிறது. அசல் ஜரிகைதான் என்கிறாள். ஆடி முடிவதற்குள் அவள் கைக்குப் பணம் கிடைத்தால் போதும். பள்ளிக்கூடத்தில் பீஸ் கட்டக் கெடு வைத்திருக்கிறார்களாம்.

விலை கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் கொடுத்துவிடு அக்கா. என்னைக் கேட்க வேண்டாம்.

துர்கா


காஞ்சிபுரம்
22.7.2025
(இந்தக் கடிதம் பெட்டியில் வைக்கப்படவில்லை)

அடி துர்கா,

வைதேஹியாம். யாரிடம்டி கதை விடுகிறாய்?

ஃபாலை உருவிவிட்டாய். என் கைத்தையல் தெரிந்துவிடும் என்றுதானே? ஊசி போன ஓட்டை அப்படியே இருக்கிறது. இருந்தாலும் அரக்கில் மயில்கழுத்துக் கரை ஊரில் ஆயிரம் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, இடுப்பில் சொருகுகிற உள்தலைப்பிலிருந்து ஒரு முழம் பிரித்துப் பார்த்தேன். இருந்தது.

உனக்குத் தெரியாது, யாருக்கும் சொன்னதில்லை. உன் கல்யாணக் கூறையில் கரை ஓரமாக வரிசையாகக் கோபுரம் ஓடுகிறதல்லவா, அதில் ஒன்றே ஒன்றுக்கு உச்சி இல்லை. மொட்டைக் கோபுரம். அது என் கைத்தப்பு. உலகத்திலேயே அப்படி ஒரு சேலைதான் இருக்கிறது, அதை எரிக்கச் சொல்லி எனக்கே அனுப்பியிருக்கிறாய்.

என்ன நடக்கிறது உன் வீட்டில்? மாப்பிள்ளைக்கு வேலை இல்லையா? சாப்பிடுகிறீர்களா?

நீ மறைத்து அனுப்பியதை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று எழுதினால் உனக்கு எப்படி இருக்கும்? நீ சின்ன வயதிலிருந்தே ரோஷக்காரி. அப்புறம் இந்தப் பக்கமே திரும்பமாட்டாய். பணம் அனுப்பினாலும் வைதேஹிக்கு என்று சொல்லித்தான் வாங்கிக்கொள்வாய், என்னிடம் ஒன்றும் சொல்லமாட்டாய்.

வேறு மாதிரி எழுதுகிறேன்.


காஞ்சிபுரம்
23.7.2025

துர்காவுக்கு,

நாங்கள் நலம். வெயில்தான் ஆடியிலும் விடவில்லை. உன் மாமா தறிக்குப் பாவு நூல் வாங்க ஐயம்பேட்டை போயிருக்கிறார். அவருக்கு இந்தச் சேலை வந்தது தெரியாது.

உன் வைதேஹியின் சேலையைப் பழைய பட்டு வாங்குகிறவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஜரிகை டெஸ்டட், போலி. வெள்ளி என்று பேருக்குத்தான், உள்ளே எல்லாம் செம்பு. எரித்தால் கரிதான் மிஞ்சும், டீ குடிக்கக் காசு வராது என்று சொல்லிவிட்டார். அதனால் சேலையைப் பத்திரமாகத் திருப்பி அனுப்புகிறேன்.

அந்தப் பெண்ணிடம் சொல். சேலையை நம்ப வேண்டாம். அவ்வளவு அவசரம் என்றால் கூடப்பிறந்தவர்கள் யாராவது இருப்பார்கள், அவர்களிடம் வாயைத் திறந்து கேட்கட்டும். கேட்டால் யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். வெட்கப்பட இதில் என்ன இருக்கிறது?

நீ எப்படி இருக்கிறாய்? உண்மையாக எழுது.

அக்கா


ஓசூர்
30.7.2025

அக்காவுக்கு,

நலம்.

வைதேஹியிடம் சொன்னேன்.

அந்தச் சேலை அவள் கல்யாணக் கூறையாம். அவள் அக்கா வீட்டுக்காரரே தறியில் உட்கார்ந்து நெய்து போட்டாராம். பன்னிரண்டு வருடமாக அதை அசல் என்று நம்பி, வெள்ளைத் துணியில் சுற்றி, வருடத்துக்கு இரண்டு தடவை மடிப்பு மாற்றி வைத்தாளாம். புகுந்த வீட்டில் நகை குறைச்சல் என்று பேச்சு வந்தபோதெல்லாம், "எங்க மாமா கையால நெய்ஞ்ச சேலை இது, இந்த மாதிரி ஒரு இழைய நீங்க எங்கயும் பாக்க முடியாது" என்று அதைத்தான் எடுத்துக் காட்டுவாளாம்.

"வெளியாளு ஏமாத்தினா அடுத்த தடவ வேற கடைக்குப் போயிக்கலாம். கூடப்பொறந்தவங்களே ஏமாத்தியிருந்தா எங்க போறது?" என்று கேட்டாள். கூடப்பிறந்தவர்களிடம் வாயைத் திறந்து கேட்கச் சொன்னாயே, இதைத்தான் கேட்கிறாள். இதற்குப் பதில் உனக்குத் தெரியுமா?

ஆர்டர் எதுவும் இல்லை. இனிமேல் வந்தாலும் இங்கேயே யாரிடமாவது கொடுத்துக்கொள்கிறேன். நீ பெட்டி அனுப்ப வேண்டாம்.

துர்கா


காஞ்சிபுரம்
8.8.2025

துர்கா,

முதல்தடவையாகத் தபால்தலை ஒட்டிக் கடிதம் அனுப்புகிறேன். ஜெராக்ஸ் கடைக்கே போட்டிருக்கிறேன். கிடைத்தால் ஒரு வரி எழுது. கோபமாகவே எழுது, பரவாயில்லை. சுகாசினி நலமா என்று மட்டுமாவது எழுது.

காலையில் குஞ்சம் கட்ட உட்கார்ந்தால் பத்து முடிச்சுக்கு மூன்று தப்பு விழுகிறது. கூரியர் வண்டி தெருவில் போனால் எழுந்து ஓடுகிறேன். பக்கத்து வீட்டுக்குத்தான் வருகிறான்.

மங்கை


காஞ்சிபுரம்
19.8.2025

என் துர்காவுக்கு,

நீ சுகமா, சாப்பிட்டாயா, இளைத்துவிட்டாயா? எதுவும் தெரியாமல்தான் எழுதுகிறேன். நான் சுகமில்லை. காரணம் காய்ச்சல் இல்லை, நான்தான்.

உன் கடைசிக் கடிதத்தை அரிசி டப்பாவுக்குள் வைத்திருந்தேன். போன வாரம் உன் மாமா தீபத்துக்கு நெருப்புப்பெட்டி தேடப் போய் அதை எடுத்துப் படித்துவிட்டார். படித்துவிட்டு வந்து என் முன்னால் நின்றார்.

"யாரு ஜரிகைய போலின்னு சொன்னது?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். மனுஷன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தி முடித்திருப்பேன். போய்த் தறியில் உட்கார்ந்தார். நாலு நாள் என் கையால் காபி வாங்கவில்லை, தெருக்கோடிக் கடைக்குப் போய்க் குடித்துவிட்டு வந்தார். முப்பது வருடத்தில் அவர் சரக்கை எந்த முதலாளியும் குறை சொன்னதில்லை துர்கா. நான் சொல்லிவிட்டேன், அதுவும் உன்னிடம்.

இப்போது கேள். வைதேஹி என்று ஒருத்தி இல்லை என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். நான் எந்தக் கடைக்கும் போகவில்லை. சேலை விற்காது என்று சொன்னால் நீ வேறு வழியில்லாமல் என்னிடம் உண்மையைச் சொல்வாய் என்று கணக்குப் போட்டேன். பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு. உனக்கு மிச்சம் இருந்த ஒரே தெம்பையும் நான் பிடுங்குகிறேன் என்று அப்போது தோன்றவில்லை. தப்பு என்னுடையது. என்னை மன்னித்துவிடு.

அடையாளம் எப்படித் தெரிந்தது என்று கேட்பாய். கரை தனி நிறமாக ஓடும் அந்த மாதிரி சேலைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும் என்று உனக்குத் தெரியும். உன் மாமா சேலையின் உடலுக்கு ஊடுநூல் நாடா போட்டார், நான் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா போட்டேன். அப்போது உனக்கு ஓசூர் மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. ஊரில் இத்தனை பேர் இருக்க, இவளை ஏன் மலை தாண்டி அனுப்புகிறார்கள் என்று எனக்கு எல்லார்மேலும் கோபம். உன்மேலும்தான், நீ சிரித்துக்கொண்டே சம்மதம் சொன்னாய். நீ போய்விட்டால் நான் யாரோடு சண்டை போடுவேன் என்று நினைத்துக்கொண்டே நாடாவைத் தப்பாகப் போட்டுவிட்டேன். ஒரு கோபுரத்துக்கு உச்சி விழாமல் மொட்டையாகிவிட்டது. நாலு விரல் தாண்டிய பிறகுதான் உன் மாமா பார்த்தார். பிரித்தால் இரண்டு நாள் போகும், முகூர்த்தத்துக்கு நாள் இல்லை. "உள்ள சொருவற எடம்தான், யாருக்கும் தெரியாது, உடு" என்றார். கூறைச்சேலையில் குறை என்று கல்யாணப் பெண்ணிடம் யாராவது சொல்வார்களா? மறைத்துவிட்டோம். உன்னிடம் நாங்கள் மறைத்தது அது ஒன்றுதான். உள்தலைப்பிலிருந்து ஒரு முழம் எண்ணிப் பார்.

ஜரிகை அசல். இந்தப் பெட்டியில் சின்ன சுருள் ஒன்று இருக்கிறது பார், உன் கூறைக்கு வாங்கியதில் மிச்சம். பன்னிரண்டு வருடமாக உன் மாமா பெட்டிக்கடியில் வைத்திருந்தார், எனக்கே தெரியாது. "இத்த வெச்சி அனுப்பு. நகத்தால உரசிப் பாக்கச் சொல்லு. அசல்னா உள்ள செவப்புப் பட்டு தெரியும். சேலையிலயும் ஒரு இழை உருவி உரசிப் பாக்கச் சொல்லு. அப்பறம் பேசட்டும்" என்றார். அதைச் சொன்ன பிறகுதான் என் காபியைக் குடித்தார்.

அடுத்தது. கொசுவத்துக்கான கிளிப் ஒரு டஜன், கிழித்த வேட்டித் துண்டு, அளவு எழுதிய அட்டை மூன்றும் வைத்திருக்கிறேன். கவரில் இருப்பது ஜூனிலிருந்து சேர்ந்த என் பங்கும் என் குஞ்சக் காசும். திருப்பி அனுப்பினால் நேரில் வந்து அடிப்பேன். முதலில் பள்ளிக்கூடத்தில் கட்டு, மிச்சத்தில் நீராவி வருகிற இஸ்திரிப் பெட்டி ஒன்று வாங்கு. ஆவணி பிறந்துவிட்டது, இங்கே எனக்கே சேலை குவிகிறது. நீ அங்கேயே மடி. பகலில் தோதுப்படாது என்று எழுதினாயே, பகலில் வீட்டில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்பது எனக்குக் குக்கர் விசிலிலேயே புரிந்துவிட்டது. அவருக்குத் தெரியாமல் எத்தனை நாள் ஜெராக்ஸ் கடையில் குடித்தனம் நடத்துவாய்?

உன் ஒரு வரிக்காக,
மங்கை அக்கா


ஓசூர்
27.8.2025

அன்புள்ள மங்கை அக்காவுக்கும் மாமாவுக்கும்,

நாங்கள் மூவரும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம். நான் கொஞ்சம் இளைத்துத்தான் இருக்கிறேன். நீங்கள் இருவரும் பழையபடி சண்டை போட்டுக்கொண்டு நலமாக இருக்க வேண்டும்.

உன் பெட்டி என் கைக்கு வரவில்லை. அவர் பயோடேட்டா ஜெராக்ஸ் எடுக்க அதே கடைக்குப் போயிருக்கிறார். "உங்க வீட்டம்மா பெட்டி சார்" என்று கடைக்காரர் தூக்கிக் கொடுத்துவிட்டார். அவர் பிரிக்கவில்லை. கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். நான் உன் கடிதத்தை உரக்கப் படித்தேன். முதலிலிருந்து கடைசிவரை, உன் குக்கர் விசில் உட்பட.

பங்குனியில் அவர் கம்பெனியில் ஒரு பிரிவை மூடிவிட்டார்கள் அக்கா. ரிப்பேருக்குக் கொடுத்த போன் ரிப்பேரில் இல்லை, விற்றுவிட்டேன். மிச்சம் இருந்த ஒரே போனை வைத்துக்கொண்டு அவர் நாள் முழுக்க வேலை தேடினார். நான் ஊரார் சேலையை மடித்தால் அவர் மனசு உடைந்துவிடும் என்று அவருக்கு மறைத்தேன். அவர் உடைந்துவிட்டார் என்று சொன்னால் நீ வருத்தப்படுவாய் என்று உனக்கு மறைத்தேன். வைதேஹியை நடுவில் நிறுத்திவிட்டு நான் ஒளிந்துகொண்டேன்.

படித்து முடித்ததும் அவர் கவரையும் கிளிப்புகளையும் ஓரமாக எடுத்து வைத்தார். அப்புறம், "அந்தச் சேலைய எடு" என்றார். கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாத்திவிட்டுத் தரையில் பாயைப் போட்டுச் சேலையை விரித்தோம். நான் முழம் போட்டு எண்ணுவதற்குள் அவர் கண்டுபிடித்துவிட்டார். பதின்மூன்று வருடம் கம்பெனியில் அவர் பார்த்தது குறை கண்டுபிடிக்கிற வேலைதானே. விரலை வைத்துக் காட்டினார். எத்தனை தடவை கட்டியிருக்கிறேன், அவிழ்த்திருக்கிறேன், மடிப்பு மாற்றியிருக்கிறேன், ஒரு நாளும் என் கண்ணில் பட்டதில்லை.

"குறைதான்" என்றார். "ஆனா ரிஜெக்ட் பண்ண முடியாது." பங்குனிக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தார். நான் அழுதுவிட்டேன்.

நீ யாரோடு சண்டை போடுவது என்று யோசித்துக்கொண்டே அந்த இடத்தை நெய்தாய் என்று இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் போய்விட்டதே அக்கா. தெரிந்திருந்தால் உன்னைப் பற்றி அப்படி ஒரு கடிதம் எழுதியிருக்கமாட்டேன். அதைக் கிழித்துப் போட்டுவிடு, மாமா கண்ணில் இன்னொரு தடவை பட வேண்டாம்.

பள்ளிக்கூடத்தில் கட்டிவிட்டோம். இஸ்திரிப் பெட்டியும் வாங்கியாகிவிட்டது. இந்த வாரம் ஆறு சேலை. அளவெடுத்துக் கொசுவம் வைப்பது அவர்தான், ஸ்கேல் வைத்து வைக்கிறார். ஒரு கொசுவத்துக்கும் அடுத்ததற்கும் நூல் அளவு வித்தியாசம் இருந்தால் பிரித்துவிடுகிறார். உன்னைவிட நன்றாக இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதே.

மாமாவின் ஜரிகைச் சுருளை இந்தக் கடிதத்தோடு திருப்பி அனுப்புகிறேன். அதை நான் உரசவில்லை, சேலையிலும் ஒரு இழையை உருவவில்லை என்று அவரிடம் சொல். சுகாசினி கல்யாணத்துக்கு அவர்தான் நெய்ய வேண்டும், கரைக்கு நாடா போட நீ உட்கார வேண்டும். தப்பாகவே போடு.

போன் வாங்க இன்னும் நாளாகும். அதுவரை அவர் நம்பருக்கே கூப்பிடு. குக்கர் சத்தம் கேட்டால் பயப்படாதே, பக்கத்தில்தான் இருப்பேன். அந்த வைதேஹியிடமும் பேசிவிட்டேன். சேலை விற்பனைக்கு இல்லையாம்.

உன்,
துர்கா